வன்னியில் சிறுதொழில்: பொருளைத் தேட முன் பொழுதைக் கணக்கெடுங்கள்

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னி ஊர்களில் சிறுதொழில் என்றவுடன் முதலில் எழும்புவது பெட்டிக்கடைதான். படலையடியில் நாலு தகரம், ஒரு மேசை, சோப், பிஸ்கட், தேயிலை, போன் ரீலோட். ஆறு மாதம் போக அதே ஒழுங்கையில் இன்னும் இரண்டு கடை முளைக்கும். மூன்றிலும் ஒரே சோப்தான் இருக்கும். கடைசியில் மூன்று கடைக்காரரும் அதே இருபது வீட்டுக்குக் கடன் கொப்பி எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது உதவித்திட்டத்தில் வருகிற கோழி, ஆடு, தையல் மெசின். கொடுக்கிறவர்களின் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதுவே பயனாளியின் தொழிலாகிவிடுகிறது. அந்த வேலைக்கு அவரிடம் நேரம் இருக்கிறதா, உடம்பு இடம் கொடுக்குமா என்று கேட்பார் குறைவு.

தொழில் படுத்துப்போனால் பொருள் சரியில்லை, சந்தை இல்லை என்று காரணம் சொல்லப்படும். கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். தொழில் கேட்கிற நேரமும் வீடு கேட்கிற நேரமும் முட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் காசு வருகிற காலமும் கடன் கட்டுகிற காலமும் ஒத்துவராது. ஆகவே எதைச் செய்வது என்ற கேள்வியை இந்த வழிகாட்டி கொஞ்சம் தள்ளி வைக்கிறது. முதலில் உங்கள் நேரம், பிறகு ஊரின் காசு, அதற்குப் பிறகுதான் பொருள்.

படி 1: ஒரு கிழமைக்கு நேரத்தாள் எழுதுங்கள்

பள்ளிக் கொப்பியில் ஒரு பக்கத்தை ஏழு நாளாகப் பிரித்து, விடிய 4 மணி முதல் இரவு 9 மணி வரை மணிக்கு ஒரு கோடு போடுங்கள். ஒரு கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நடக்கவேண்டியதை எழுதினால் பயனில்லை. தண்ணீர் அள்ளப் போனது, பிள்ளையை ரியூசனில் விட்டது, மாமியை கிளினிக்குக்குக் கூட்டிப்போனது, வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனது எல்லாம் வரவேண்டும்.

கிழமை முடிய, மிஞ்சிய நேரத்தை மூன்று விதமாகக் குறியுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரே தொடராகக் கிடைப்பது ஒன்று. அரை மணி, முக்கால் மணியாகத் துண்டு துண்டாகக் கிடைப்பது இன்னொன்று. மூன்றாவது, மற்றவர் எழும்ப முன்னும் படுத்த பின்னும் கிடைப்பது. பள்ளிக்கூடம் 7.30 முதல் 1.30 வரை என்றபடியால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் 8 முதல் 1 வரை ஒரு தொடர் இருக்கும். படுக்கையில் ஒரு நோயாளி இருந்தால் அந்தத் தொடர் இராது. நாள் முழுக்க வீட்டில் இருந்தாலும் கிடைப்பது துண்டு நேரம் மட்டும்தான். இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே தொழில் பொருந்தாது.

இனித் தொழில்கள் எந்த நேரத்தைத் தின்கின்றன என்று பாருங்கள்.

கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பதற்குக் கேள்வி எப்போதும் உண்டு. ஆனால் சாப்பாட்டுக் கடைக்காரர் 6.30க்கு முன் கையில் கேட்பார். 1 கிலோ மாவில், பிழிகிற அளவைப் பொறுத்து, 50 முதல் 60 இடியப்பம் வரும். 150 இடியப்பத்துக்கு 3 கிலோ மா குழைத்துப் பிழிந்து அவிக்க ஓராளுக்கு இரண்டரை மணித்தியாலமாவது வேண்டும். அதாவது 3.30க்கு அடுப்பு மூட்டவேண்டும். அதே நேரத்தில்தான் பிள்ளைகளை எழுப்பி, சாப்பாடு கட்டி, 7 மணிக்கு அனுப்பவேண்டிய வேலையும் வரும். இரண்டாவது ஆள் இல்லாத வீட்டில் இது மாதக்கணக்கில் ஓடாது. பின்னேர இடியப்பம், அதாவது 6 மணிக்குக் கடைக்குப் போவது, அதே தொழில்தான் என்றாலும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும்.

முட்டைக்கோழி பொழுதை அதிகம் தின்னாது. ஆனால் ஒரு நாள்கூட வீட்டை விட்டு அசைய விடாது. 100 கோழி ஒரு நாளைக்கு 11 முதல் 12 கிலோ தீனி தின்னும். வெயில் காலத்தில் தண்ணீர் இல்லாமல் விட்டால் அன்றைக்கே கோழி விழலாம். யாழ்ப்பாணத்தில் கலியாணம், மட்டக்களப்பில் செத்தவீடு என்று வந்தால் யார் நிற்பது என்பதற்கு இப்போதே ஒரு பெயர் சொல்ல முடியாவிட்டால் 100 கோழிக்கு ஆசைப்படவேண்டாம். பசுவும் அப்படித்தான். விடியலும் பின்னேரமும் இரண்டு கறவை, பால் சேகரிப்பு நிலையத்தின் நேரத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டும். ஆடு கொஞ்சம் தாராளம். ஆனால் அயலில் மிளகாய்த் தோட்டம் இருந்தால் சண்டைக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

தையலைத் துண்டு நேரத் தொழில் என்று நினைப்பவர்கள் பலர். சட்டை திருத்துவது, ஓரம் அடிப்பது, சிப் மாற்றுவது அப்படித்தான். சாரி பிளவுஸ் வெட்டுவது அப்படியில்லை. அளவெடுத்து வெட்டும்போது இடையில் எழும்பினால் துணி போய்விடும். அது அடுத்தவருடைய துணி, விலையும் உங்கள் கூலியைப் போலப் பல மடங்கு. வெட்டுவதைத் தொடர் நேரத்துக்கும் தைப்பதைத் துண்டு நேரத்துக்கும் பிரிக்கத் தெரிந்தவர்கள் நின்றுபிடிக்கிறார்கள்.

மிளகாய்த்தூள், சத்துமா, வறுத்த கச்சான் போன்றவை மிக நெகிழ்வானவை. இன்றைக்குக் காம்பு நுள்ளி, நாளைக்கு வறுத்து, மறுநாள் அரைத்து, அடுத்த இரவு பைக்குள் போடலாம். நடுவில் ஒரு நாள் தவறினாலும் பொருள் பழுதாகாது. நோயாளியைப் பார்க்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. மிளகாய் வறுக்கிற நெடி மட்டும் மூச்சு இழுப்பு உள்ளவர் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. அப்படியானால் வெளியடுப்பு வேண்டும்.

நேரத்தோடு உடம்பையும் எழுதுங்கள். கால் இழந்தவருக்கு மிதி மெசினைக் கொடுத்துவிட்டுப் போன திட்டங்கள் உண்டு. மோட்டார் பூட்டினால் ஒரு காலே போதும். போரில் பட்ட செல் துண்டு முதுகில் இருப்பவர் 50 கிலோ தீன் மூடை தூக்கக்கூடாது. 25 கிலோவாகப் பிரித்துத் தர கடைக்காரர் சம்மதிப்பாரா என்பதை முதலே கேட்டுவைப்பது நல்லது. தனியாக இருக்கிற பெண், இருட்டிய பிறகு ஆண்கள் வந்து நிற்கிற தொழிலை எடுக்க விரும்பாவிட்டால் அதையும் தாளில் எழுதலாம். அது பலவீனம் அல்ல, கணக்கில் சேர்க்கவேண்டிய ஒரு அளவு.

படி 2: உங்கள் ஊரில் காசு எப்போது புழங்குகிறது?

வன்னியில் எல்லா மாதமும் ஒரே மாதம் அல்ல. காலபோக நெல் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, தை பிற்பகுதியிலிருந்து பங்குனிக்குள் வெட்டப்படும். மாசி, பங்குனியில் ஊரில் காசு இருக்கும். அடகு மீட்பதும், கூரை போடுவதும், மோட்டார் சைக்கிள் எடுப்பதும் அப்போதுதான். சிறுபோகம் குளத்தில் தண்ணீர் இருக்கிற இடங்களில் மட்டும். இரணைமடுவின் கீழ் உள்ள கிளிநொச்சி வயல்களுக்கு அந்த இரண்டாவது காசு ஆவணி, புரட்டாதி அளவில் வரும். மானாவாரி நிலம் மட்டும் உள்ள ஊருக்கு வராது. ஐப்பசி முதல் மார்கழி வரை விதை, உரம், மருந்து என்று காசு வெளியே போகிற காலம். மழையில் கூலி வேலையும் நின்றுவிடும்.

முல்லைத்தீவுக் கரையில் வேறு கணக்கு. வாடைக்காற்றோடு கடல் கொந்தளிக்கிற கார்த்திகை, மார்கழியில் தொழில் குறையும். கருவாடும் காயாது. அரச உத்தியோகத்தர் அதிகம் உள்ள கிளிநொச்சி நகரம், வவுனியா போன்ற இடங்களில் மாதத்தின் 25ஆம் திகதியை ஒட்டிச் சம்பளக் காசு வரும். ஒவ்வொரு மாதமும் அதே பத்து நாள்தான் வியாபாரம் சூடாக இருக்கும். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வருவார்கள். திரும்பும்போது மிளகாய்த்தூள், முறுக்கு, பயற்றம் பணியாரம், ஒடியல் என்று கட்டிக்கொண்டு போவார்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலும் ஆவணியில் மடுத் திருவிழாவும் சில நாட்களில் ஒரு மாத வியாபாரத்தைத் தரக்கூடியவை. தற்காலிகக் கடைக்கான இடத்துக்கு எங்கே, எப்போது விண்ணப்பிப்பது என்று மட்டும் மாதக்கணக்கில் முன்னதாக விசாரியுங்கள்.

பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, உங்கள் வாடிக்கையாளர் கையில் காசு எப்போது இருக்கும் என்று நிறமடியுங்கள். அதன் கீழே உங்கள் தொழிலுக்குச் செலவு எப்போது, வரவு எப்போது என்று இன்னொரு வரி. இரண்டு வரியும் ஒன்றுக்கொன்று நேரெதிராக இருந்தால் தொழில் முழுதும் கடன் கொப்பியில்தான் நடக்கும். விவசாயிக்கு மார்கழியில் விற்று மாசியில் காசு வாங்குவது தவறில்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்துக்கான முதல் உங்களிடம் இருக்கவேண்டும்.

படி 3: பரப்பை ஒடுக்குங்கள்

பலசரக்குக் கடை, தையல் கடை, கராஜ் எல்லாம் பரந்த பெயர்கள். புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பரப்பில் பழைய கடைகளோடு மோதமுடியாது. சரக்கை வவுனியாவில் மொத்தமாக எடுக்கிற கடைக்காரருக்குக் கிடைக்கிற விலை உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே ஒரு வகைப் பொருள், ஒரு வகை ஆட்கள், ஒரு வகைத் தேவை என்று குறுக்குங்கள்.

கராஜை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் திருத்துபவர் சந்திக்குச் சந்தி இருக்கிறார். தண்ணி இறைக்கிற மெசினும் மருந்தடிக்கிற மெசினும் மட்டும் திருத்துகிறேன் என்று சொல்பவர் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் அவ்வளவாக இல்லை. அந்த மெசின்களில் வருகிற பழுது பெரும்பாலும் ஒரு கை விரலுக்குள் அடங்கும். போன போகத்துப் பெற்றோல் காபரேட்டருக்குள் காய்ந்து பிசினாகியிருக்கும், பிளக் கரியேறியிருக்கும், ஸ்டார்ட் கயிறு அறுந்திருக்கும், பம்பின் சீல் தேய்ந்து தண்ணீர் ஒழுகும், மருந்து மெசினின் நொசில் அடைத்திருக்கும். இவற்றுக்கான உதிரிப்பாகம் ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கும். மருந்து மெசின் கார்த்திகை, மார்கழியில் வரும். இறைக்கிற மெசின் மாசிக்குப் பிறகு வரும். இரண்டும் சேர்ந்து வருடத்தின் பெரும்பகுதியை நிரப்பும். பயிர் வாடிக்கொண்டு நிற்கும்போது பழுதான மெசினுக்கு அன்றைக்கே காசு கொடுப்பார்கள், கடன் கேட்பதும் குறைவு. வேலை இல்லாத மாதங்களில், ‘மெசினை வைக்க முதல் பெற்றோலை வடித்து வையுங்கோ அண்ணை’ என்று வீடு வீடாகச் சொல்லிப் போகலாம். அந்த ஒரு வசனமே விளம்பரம்.

சமையலிலும் இப்படி ஒடுக்கலாம். மரக்கறிச் சாப்பாடு மட்டும், அதுவும் எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆண்டுத்திவசத்துக்கு என்று எடுத்தால் ஓடரில் நடக்கும், மிச்சம் வராது, முற்பணம் கேட்கலாம். ஆனால் செத்தவீடு நாள் சொல்லி வராது. திடீர் ஓடருக்கு இரண்டு கை உதவி தேவை. பிரதேச செயலகத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி, விண்ணப்பம் நிரப்புதல், ஒன்லைன் பதிவு என்று வைத்தால் வேலை கந்தோர் நேரத்தில் மட்டும்தான். சனி ஞாயிறு உங்களுக்கு. படித்த, தொடர் நேரம் கிடைக்கிற தாய்மாருக்கு இது பொருந்தும். மின்சாரம் நின்றால் தொழிலும் நிற்கும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

சூழலைப் பார்க்காமல் எடுக்கிற சில வகைகள் உண்டு. பட்டர் ஐசிங் கேக் சித்திரை வெயிலில் தர்மபுரத்திலிருந்து புதுக்குடியிருப்புக்கு மோட்டார் சைக்கிளில் போய்ச் சேராது. பாலைப்பழம், தேன், விறகு போன்ற காட்டுப் பொருட்களுக்கு முதலில் வனத் திணைக்களத்திடம் கேட்கவேண்டும். உப்புத்தன்மையான கிணற்றுத் தண்ணீரில் பூங்கன்று நாற்றுமேடை போடுபவர் முதல் கோடையிலேயே கன்றுகளை இழப்பார்.

படி 4: ஒரு தொகுதியின் கணக்கு

தொகுதி என்றால் ஒரு தடவையில் செய்து முடிக்கிற அளவு. இதில்தான் நின்று நிதானிக்கவேண்டும். மிளகாய்த்தூளையே உதாரணமாக எடுப்போம். கீழே உள்ள விலைகள் கணக்குக் காட்டுவதற்கு மட்டும். உங்கள் சந்தையில் விசாரித்து மாற்றிப் போடுங்கள்.

ஒரு வழக்கமான கூட்டு: செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், சின்னச்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. மொத்தம் 2.5 கிலோ. காம்பு, வறுக்கும்போது போகிற ஈரம், ஆலைக்குள் ஒட்டுவது என்று பத்தில் ஒரு பங்கு கழியும் என்று வையுங்கள். 2.25 கிலோ கிடைக்கும், 100 கிராம் பை 22 வரும். கழிவை வாயால் மதிக்கவேண்டாம். வறுக்க முன்னும் அரைத்த பின்னும் தராசில் நிறுத்து எழுதுங்கள்.

செலவு: சரக்கு 2,800 ரூபா, ஆலைக்கூலி 200, விறகு 150, பையும் லேபலும் 22க்கு 264, பஸ் 200. கூட்டினால் 3,614. இங்கேதான் பலரும் நிறுத்திவிட்டு ஒரு பை 164 ரூபா என்று எழுதுகிறார்கள். காம்பு நுள்ளியது முதல் பை ஒட்டியது வரை ஆறு மணித்தியால வேலை. மணிக்கு 200 ரூபா என்று உங்கள் கூலி 1,200. அதையும் சேர்த்தால் 4,814. ஒரு பைக்கு 219 ரூபா.

கடையில் அது 240க்கு விற்கிறது, கடைக்காரருக்கு நூற்றுக்குப் பத்து என்றால் உங்கள் கைக்கு 216 வரும். பைக்கு 3 ரூபா நட்டம். கையில் காசு புழங்குவதால் நட்டம் கண்ணுக்குத் தெரியாது. கூலியைத்தான் தின்றுகொண்டிருக்கிறீர்கள்.

இப்போது அதே வேலையை 5 கிலோ மிளகாயோடு செய்யுங்கள். சரக்கு 14,000, ஆலை 1,000, விறகு 600, பை 110க்கு 1,320, பஸ் அதே 200. வேலை ஐந்து மடங்காகாது, 14 மணித்தியாலத்தில் முடியும். கூலி 2,800. எல்லாம் 19,920. ஒரு பைக்கு 181 ரூபா. பைக்கு 35 ரூபா இலாபம், கூலி தனி. ஆகவே மிளகாய்த்தூள் இலாபமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. ஒரு தடவைக்கு எவ்வளவு செய்ய உங்கள் நேரமும் முதலும் இடம் கொடுக்கும், 110 பையையும் பழசாக முன் விற்க முடியுமா என்பவைதான் பதிலைத் தீர்மானிக்கின்றன.

செய்யும்போது பிழைக்கிற இடங்களையும் சொல்லிவிடவேண்டும். அரைத்த தூள் சூடாக வரும். சூட்டோடு பைக்குள் போட்டால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும், சில கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான துணியில் பரப்பி முழுதாக ஆறவிட்டுப் பொதி செய்யுங்கள். ஆலையில் உங்களுக்கு முன் குரக்கனோ கோதுமையோ அரைத்திருந்தால் முதல் ஒரு பிடி அதோடு கலந்து வரும். உங்கள் மல்லியில் கொஞ்சம் போட்டு ஓடவிட்டு, அந்தப் பிடியை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சொப்பிங் பையில் வாசம் நிற்காது, வண்டும் துளைக்கும். தடித்த பை எடுத்து, வாயை மெழுகுதிரியில் காட்டாமல் சீலர் மெசினில் ஒட்டுங்கள். மார்கழியில் வாங்குகிற செத்தல் ஈரம் குடித்திருக்கும். நிறைக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவது அது. மிளகாயை மாசி, பங்குனி வெயிலில் காயவைத்து இறுக்கமாக மூடி வைப்பவருக்கு மாரியிலும் தரம் மாறாது.

கச்சானுக்கும் இதே கவனம் வேண்டும். கோதோடு 1 கிலோ உடைத்தால் 650 முதல் 700 கிராம் வரை பருப்பு வரும். சரியாகக் காயாத கச்சானில் பச்சைப் பூஞ்சணம் வரும். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைக் கையால் பொறுக்கி எறிவது கூலி கூடிய வேலை. அதையும் மணிக்கணக்கில் சேருங்கள்.

படி 5: நாலு கிழமை சோதனை

மெசின் வாங்க முன், கொட்டில் போட முன், 20 பை மட்டும் செய்து மூன்று கடையில் வையுங்கள். ஒன்று சந்தியில், ஒன்று ஒழுங்கைக்குள், ஒன்று அடுத்த ஊரில். முதல் கிழமை வாங்குகிறவர்கள் சொந்தக்காரரும் கூடப்படித்தவரும்தான், அதை வைத்து மகிழவேண்டாம். மூன்றாம் கிழமை கடைக்காரர் தானாகக் கூப்பிட்டு, ‘தங்கச்சி, அந்தத் தூள் முடிஞ்சுது, கொண்டு வாங்கோ’ என்கிறாரா என்பதுதான் சோதனை. அதை இரண்டு கடையாவது சொல்லவேண்டும்.

‘வித்தாப் பிறகு காசு தாறன்’ என்று எல்லாக் கடைக்காரரும் தொடங்குவார்கள். முதல் தடவை சம்மதியுங்கள். இரண்டாம் தடவை, பழைய காசைத் தந்தால் புதுப் பை என்று ஒழுங்காக்குங்கள். எத்தனை பை வைத்தீர்கள், எந்தத் திகதி என்று கடைக்காரர் கையொப்பத்தோடு சின்னக் கொப்பியில் இருக்கட்டும்.

சேவைத் தொழில் என்றால் எண்ணிப் பார்ப்பதுதான் சோதனை. நினைத்திருக்கிற இடத்தில் விடியல், மத்தியானம், பின்னேரம் என்று மூன்று வேளை, ஒரு சந்தை நாளும் ஒரு சாதாரண நாளும், ஒவ்வொரு மணித்தியாலம் இருந்து யார் போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கோடு போடுங்கள். ஏ9 வீதியில் ஓடுகிற வாகனம் எல்லாம் வாடிக்கையாளர் அல்ல. முறிகண்டியில் பிள்ளையாருக்காக நிறுத்துகிறார்கள், அதனால் அங்கே கச்சான் விற்கிறது. இரண்டு கிலோமீற்றர் தள்ளி அதே கச்சானை வைத்தால் வாகனம் வேகம்கூடக் குறைக்காது.

கடன் பற்றி

கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து வாங்குகிற நுண்கடனால் வன்னியில் எத்தனை குடும்பங்கள் உடைந்தன என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். வட்டியைவிடக் கட்டுகிற காலம்தான் முதல் பொறி. முட்டைக்கோழியை நாள் குஞ்சாக எடுத்தால் முட்டையிட 18 முதல் 20 கிழமை ஆகும். அதுவரை 100 கோழி 600 முதல் 700 கிலோ தீனி தின்னும், 50 கிலோ மூடையில் 12 முதல் 14 மூடை. ஒரு சதம் வருமானம் வராத அந்த 20 கிழமையும் தவணை மட்டும் தவறாமல் வரும். அதைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பார்கள். கோழி முட்டையிடத் தொடங்கும்போது மூன்று கடன் நிற்கும்.

வட்டியையும் சரியாகக் கேளுங்கள். 1 இலட்சம் ரூபாவுக்கு வருடம் 24 வீதம், 12 மாதத் தவணை, முழுத்தொகைக்கும் வட்டி என்றால் மாதம் 10,333 ரூபா கட்டுவீர்கள். முதல் குறைந்துகொண்டு போக வட்டி குறையாதபடியால் உண்மையில் அது வருடத்துக்கு 41 வீதத்துக்கும் மேல். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி என்றால்தான் 24 என்பது 24. கையொப்பம் வைக்க முன் இந்த ஒரு கேள்வியையும், சலுகைக் காலம், அதாவது தவணை தொடங்க முன் விடுகிற காலம், எத்தனை மாதம் என்ற கேள்வியையும் கேளுங்கள். பதிலைத் தாளில் தராத இடத்தில் வாங்கவேண்டாம். கூட்டுறவுச் சங்கக் கடன், சமுர்த்தி வங்கி, அரச வங்கியின் திட்டக் கடன் இவற்றை முதலில் விசாரியுங்கள்.

பதிவும் பத்திரங்களும்

சோதனை சரிவந்த பிறகு பதியலாம். தனி ஆளின் தொழிலுக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். அடையாள அட்டை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், இடத்துக்கான உறுதி அல்லது குத்தகை உடன்படிக்கை கேட்பார்கள். வன்னியில் பல காணிகள் உறுதி இல்லாமல் அரச அனுமதிப்பத்திரத்தில் உள்ள காணிகள். அப்படியானால் முதல் நாளே சொல்லி, என்ன கடிதம் தேவை என்று கேட்டுவிடுங்கள், மூன்று தடவை அலையத் தேவையில்லை. வியாபார அனுமதிப்பத்திரம் உங்கள் பிரதேச சபையில், வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும்.

உணவு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். கிணறு, மலசலகூடத்துக்கும் சமையலிடத்துக்கும் உள்ள தூரம், பூச்சி எலி வராத களஞ்சியம், செய்பவரின் மருத்துவச் சான்று. அவரைப் பதிவுக்குப் பிறகு வரும் தொல்லையாக நினைக்காமல், கொட்டில் போட முன்னே கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். போட்ட சுவரைப் பிறகு இடிக்கிற செலவு இராது. லேபலில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, விலை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயர் முகவரி வேண்டும். எந்தெந்த மொழியில் எது என்பதையும் அவரிடமே கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் அச்சுக்குக் கொடுங்கள். ஆயிரம் லேபல் அடித்துவிட்டு எறிந்தவர்கள் உண்டு.

பயிற்சிக்குப் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுதொழில் உத்தியோகத்தர், கைத்தொழில் அபிவிருத்திச் சபை, பனைப் பொருளுக்குப் பனை அபிவிருத்திச் சபை, கோழி ஆடு மாட்டுக்கு அரச கால்நடை வைத்தியர் பணிமனை. தடுப்பூசி அட்டவணையை அங்கேயே வாங்குங்கள். தீன் கடைக்காரர் சொல்வதை வைத்து ஊசி போடவேண்டாம்.

மாரிக்கு முன்

2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் ஒரே இரவில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. சரக்கைத் தரையில் அடுக்கவேண்டாம். மூன்றடி உயரத்தில் தட்டு போடுங்கள். மெசினின் மோட்டாரைக் கழற்றக்கூடியதாகப் பூட்டுங்கள். ஐப்பசி பிறந்தவுடன் பை, லேபல், எண்ணெய் போன்றவற்றில் ஒரு மாதத்துக்கானதை எடுத்துவைத்தால் பாதை அடைபட்டாலும் தொழில் ஓடும்.

இரண்டு கொப்பி வையுங்கள், ஒன்று வீட்டுக்கு, ஒன்று தொழிலுக்கு. வீட்டுக் கறிக்கு எடுத்த ஒரு பை தூளும் தொழில் கொப்பியில் விற்பனையாக ஏறவேண்டும். மூன்று மாதம் முடிய, கையில் மிஞ்சிய காசை நீங்கள் உழைத்த மணித்தியாலத்தால் பிரியுங்கள். வரும் தொகை உங்கள் ஊரில் களை பிடுங்கப் போனால் கிடைக்கிற மணிக்கூலியைவிடக் குறைவாக இருந்தால், விலையை, தொகுதி அளவை, விற்கிற இடத்தை, இந்த மூன்றில் ஒன்றை மாற்றி இன்னும் இரண்டு மாதம் பாருங்கள். அதற்கும் மாறாவிட்டால் நிறுத்திவிட்டு நேரத்தாளை மறுபடி எடுங்கள். இப்படி வரக்கூடும் என்பதால் முதல் மெசினைப் பழையதாக, பெயருள்ள கொம்பனியினுடையதாகப் பார்த்து எடுங்கள். நிறுத்தவேண்டி வந்தாலும் வாங்கிய விலைக்குக் கிட்டவாக வவுனியாவிலேயே விற்றுவிடலாம்.